பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?

ஒரு அப்பா தன் மகனுக்கு என்னவெல்லாம் செய்ய வேண்டும்? சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதர்களின் தால்முத் நூல் ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. வேதம் சொல்லிக்கொடுக்க வேண்டும், கல்யாணம் செய்துவைக்க வேண்டும், ஒரு தொழில் கற்றுத்தர வேண்டும். இதெல்லாம் எந்த ஊர் பெரியவர்களும் சொல்வதுதான். கடைசியில்தான் ஆச்சர்யம். நீச்சலும் கற்றுத்தர வேண்டும் என்பது சிலரது கருத்தாம். காரணம் எளிமையானது, அவன் உயிர் அதில் இருக்கிறது! (மகள்களுக்கு? பட்டியலில் இல்லை. அந்தக் காலத்து நூல்.)

யோசித்துப் பார்த்தால் இது அப்பாவுக்குத்தான் கஷ்டமான கடமை. பிடித்த கையை ஒரு கட்டத்தில் விட்டே ஆக வேண்டும். பிள்ளை தண்ணீர் குடிப்பான், இருமுவான், அழுவான். பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த உளவியல் நிபுணர் வெண்டி மோகல், இப்படிப்பட்ட யூத போதனைகளை வைத்து 2001-ல் ஒரு குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதினார். அதன் தலைப்பே, சிராய்த்துக்கொண்ட முழங்காலும் ஒரு வரம் என்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன ஏமாற்றம்கூட வந்துவிடக் கூடாது என்று பதறும் பெற்றோருக்கான புத்தகம் அது.

அதற்காக யூத மரபு பிள்ளையைத் தடாலென்று ஆற்றில் தள்ளிவிடுவதில்லை. இடைக்கால ஜெர்மனியிலும் பிரான்ஸிலும், முதன்முதலாகப் படிக்கப் போகும் சிறுவனைத் துணியால் போர்த்தித் தூக்கிச் செல்வார்கள். வழியில் நாய்கூட அவன் கண்ணில் படக் கூடாது, அசுத்தமாம். ஆசிரியரின் மடியில் உட்கார்ந்ததும் எழுத்துகள் எழுதிய பலகையில் தேன் தடவித் தருவார்கள். பையன் நக்கிச் சாப்பிடுவான். படிப்பின் முதல் ருசி தித்திப்பு!

கசப்புக்கும் ஒரு நாள் உண்டு. எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுதலையானதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகை இரவில், இந்த இரவில் மட்டும் என்ன விசேஷம் என்று வீட்டின் கடைக்குட்டிதான் கேள்வி கேட்க வேண்டும். அடிமை வாழ்வின் நினைவாக எல்லோரும் கசப்புக் கீரை சாப்பிடுவார்கள். பல வீடுகளில் கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு காரமான கிழங்கு. அதை அப்படியே வாயில் போடுவதில்லை. ஆப்பிள், பருப்பு வகைகள், ஒயின் சேர்த்து அரைத்த இனிப்பில் தொட்டுக்கொள்வார்கள். அந்த இனிப்புக்கும் ஒரு கதை இருக்கிறது. அது, அடிமைகள் செங்கல் வேலைக்குக் குழைத்த சேற்றின் அடையாளம்.

இவ்வளவு சோகத்தையும் சொல்லிவிட்டு, ஒரு துண்டு ரொட்டியை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவார்கள். கண்டுபிடித்த வாண்டு பேரம் பேசிப் பரிசு வாங்கிக்கொண்டுதான் அதைக் கொடுக்கும். அது கைக்கு வராமல் பெரியவர்களால் விருந்தை முடிக்க முடியாது!