பத்ரிநாத்துக்கு மே மாதத்தில்தான் போகவேண்டுமா?

தீபாவளி அன்று விடியற்காலையில் தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற ஒரே கேள்வி, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" மாதவரத்தில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி எண்ணெய் தேய்த்துக் குளித்தவரும் "ஆச்சு, ஆச்சு" என்றுதான் சொல்வார். கங்கைக்கும் அந்த பக்கெட் வெந்நீருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர் ஒன்று நிஜமாகவே உண்டு. உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேலே இருக்கிற பத்ரிநாத். கோயிலுக்குக் கீழே அலக்நந்தா ஆறு. கையை வைத்தால் விறைத்துப் போகும். இதே ஆறுதான் தேவப்பிரயாகையில் பாகீரதியோடு சேர்ந்து கங்கை என்று பெயர் வாங்குகிறது. அந்த ஆற்றங்கரையிலேயே, சில படிகள் மேலே, தப்த குண்டம். அடுப்பு இல்லை, விறகு இல்லை. பாறைக்குள்ளிருந்து ஆவி பறக்க வெந்நீர் வந்துகொண்டே இருக்கிறது. முதலில் அதில் குளியல், பிறகு தரிசனம் என்பதுதான் அங்கே வழக்கம்.

தமிழர்களுக்கு இது அந்நிய ஊரும் இல்லை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று இந்த வதரி. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். கேரளத்து நம்பூதிரி ஒருவர்தான் அங்கே தலைமை அர்ச்சகர் (ராவல் என்பார்கள்). அதனால் வருடா வருடம் இங்கிருந்து கூட்டம் போவதில் ஆச்சரியம் இல்லை. போகிற மாதத்தில்தான் பிரச்சினை.

பெரும்பாலோர் மே, ஜூனில் போகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு, சென்னையில் வெயில், டூர் கம்பெனிகளின் விளம்பரம். காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் நாடு முழுவதும் அதே காரணத்தோடு அதே மாதத்தில் கிளம்புகிறது. மலைப்பாதையில் மணிக்கணக்கில் டிராஃபிக், கோயிலில் திருப்பதியைத் தோற்கடிக்கும் வரிசை, குண்டத்தில் தோளோடு தோள். ஜூன் பாதியில் மழையும் சேர்ந்துகொள்ளும். 2013 ஜூன் நடுவில் கேதார்நாத்தை வெள்ளம் அடித்துப் போனபோது, யாத்திரைக் கூட்டம் உச்சத்தில் இருந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரக்கணக்கில்.

புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் கதையே வேறு. மழைக்காலம் ஓய்ந்திருக்கும். வானம் கழுவி விட்டாற்போல இருக்கும். கோயிலுக்குப் பின்னால் நீலகண்டச் சிகரம் முழுசாகத் தெரியும். கூட்டம் பாதிகூட இருக்காது. குளிர் உண்டு, ராத்திரியில் கடுமையாகவே உண்டு. ஆனால் வெந்நீர் ஊற்றின் அருமை குளிரில் தானே தெரியும்? நடை சாத்தும் நாளை விஜயதசமி அன்று அறிவிப்பார்கள். அது பெரும்பாலும் நவம்பர் நடுவாக்கில் வரும். அப்புறம் ஆறு மாதம் தேவர்கள் பூஜை செய்கிறார்கள் என்பது நம்பிக்கை. பக்கத்து மாணா கிராமத்து மக்களும் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். வருடத்தில் பாதி நாள் இந்த இடம் மனிதர்களுக்கு இல்லை என்று ஓர் ஊரே ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம்!

அந்த வெந்நீர் எங்கிருந்து வருகிறது? மழைத்தண்ணீரும் பனித்தண்ணீரும் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. அந்த ஆழமான வெடிப்புகள் இருப்பதற்குக் காரணம், இமயமலை இன்னும் நெரிபட்டு எழும்பிக்கொண்டிருப்பதுதான். 1999 மார்ச்சில் சமோலி நிலநடுக்கம் வந்ததும் அதே நெரிபாட்டினால்தான். அதாவது, புண்ணிய தீர்த்தமும் ஆபத்தும் ஒரே மலையின் இரண்டு குணங்கள். ஒன்றை மட்டும் கொடு என்று கேட்க முடியாது.

நாம் கேட்கிறோம் என்பதுதான் வேதனை. பத்ரிநாத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஜோஷிமட், பழைய நிலச்சரிவு மண்மேல் உட்கார்ந்திருக்கிற ஊர், கனமான கட்டுமானம் வேண்டாம் என்று 1976-லேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. யாரும் காதில் வாங்கவில்லை. 2023 ஜனவரியில் அங்கே 800-க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல். நான்கு தலங்களையும் இணைக்கும் சாலைத் திட்டம் 2016-ல் தொடங்கியது. 5.5 மீட்டர் அகலம் போதும் என்று 2020-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2021 டிசம்பரில் எல்லைப் பாதுகாப்புத் தேவையை ஏற்று அகலமான சாலைக்கு அனுமதி தந்தது. ராணுவத்துக்குத் தேவை இருக்கலாம். ஆனால் "காலையில் கிளம்பி சாயங்காலம் தரிசனம் முடித்துவிடலாம்" என்பது பக்தனின் தேவையா? மாதவரம் 200 அடி ரோட்டை மலைமேல் எதிர்பார்ப்பது பக்தியில் சேருமா?

வடசென்னைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. வெந்நீர் ஓடுகிற ஆறு எண்ணூரிலும் உண்டு, அனல் மின் நிலையம் விடுகிற வெந்நீர்! மின்சாரம் ஊருக்கெல்லாம், சூடும் சாம்பலும் எண்ணூர் மீனவர்களுக்கு. மற்றவர்களின் வசதிக்காக ஓர் இடம் தேய்ந்து போவது எப்படியிருக்கும் என்று அறிந்தவர்கள், இன்னொரு ஊருக்குப் போகும்போது அதையே செய்யலாமா?

"ஐப்பசியில் போனால் மட்டும் ஆபத்து இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. 2021 அக்டோபரில் திடீர் மழை கொட்டி, யாத்திரையையே நிறுத்தி வைத்தார்கள். எந்த மாதமும் உத்தரவாதம் தராது. அதனால்தான் கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொண்டு போகவேண்டும் என்பது. வழியில் ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்கினால் வயதானவர்களுக்கு உயரமும் பழகும். சாலையை மூடினால் டிரைவரோடு சண்டை போடாமல் காத்திருக்கலாம். குண்டத்தில் சோப்பு போடாமல் குளிக்கலாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவரலாம்.

ஒரே பயணத்தில் நான்கு தலங்களையும் "கவர்" பண்ணுவதைவிட, ஒரு தலத்தில் இரண்டு ராத்திரி இருந்துவிட்டு வருவது மேல். தாத்தா பாட்டியை அழைத்துப் போக யோசிக்கிறவர்கள், அடுத்த வருடக் காலண்டரில் மே மாதத்தைத் தாண்டிப் புரட்டி, ஐப்பசியைப் பாருங்கள். பிள்ளைகளின் லீவு ஒத்துவராவிட்டால் பெரியவர்கள் மட்டும் போய்வரட்டும். மலையும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும்.