ஒரு சொல்லும் ஒன்பது வேஷமும்

இங்கிலீஷ் பாஷையில் 'லைன்' என்று ஒரு சின்னஞ்சிறு சொல் இருக்கிறது. அதன் அர்த்தம் தெரியாதவர் நம்மில் யாருமில்லை. முழு அர்த்தமும் தெரிந்தவரும் அநேகமாக யாருமில்லை. இதை அறிய அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளிப் புத்தூரில், நால் ரோடு என்று பிரசித்தி பெற்ற சந்திப்பில் கால் மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் போதும். ரேஷன் கடைக்கு வந்தவர், "லைன் எங்கே முடிகிறது?" என்று விசாரிக்கிறார். மின்சாரம் நின்றுபோன வீட்டுக்காரர், 'லைன்' அறுந்துவிட்டது என்று கவலைப்படுகிறார். டெலிபோனைக் காதில் வைத்திருப்பவர், "கொஞ்சம் லைனில் இருங்கள்" என்கிறார். கடை கடையாகச் சோப்பும் பிஸ்கோத்தும் போடுகிற வியாபாரி, "இன்றைக்கு உறையூர் லைன்" என்கிறார். பிள்ளைக்கு வேலை தேடும் தகப்பனாரோ, "அந்த லைனே நமக்கு வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். ஐந்து பேர், ஐந்து அர்த்தம், ஒரே சொல்!

ரயிலடிக்குப் போனால் ஆறாவது வேஷம் காத்திருக்கிறது. திருச்சியிலிருந்து சென்னைக்கு 'மெயின் லைன்' ஒன்று, 'கார்டு லைன்' ஒன்று. இந்தக் 'கார்டு', கொடி காட்டும் கார்டும் அல்ல, தபால் கார்டும் அல்ல. வில்லின் இரு முனைகளைச் சேர்க்கும் நாண் என்பதே அதற்குப் பொருள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று வளைந்து விழுப்புரம் போகும் பாதை வில். அரியலூர், விருத்தாசலம் வழியாகக் குறுக்கே போகும் பாதை நாண். பெயர் வைத்தவர் கணித சாஸ்திரம் படித்தவராக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் மூலம் ஒரு நூல் இழைதான். லத்தீன் பாஷையில் ஆளி என்னும் சணல் வகைச் செடிக்கு 'லீனும்' என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. அதுவே 'லைன்' ஆயிற்று. 'லினன்' துணியும், சட்டைக்கு உள்ளே கொடுக்கும் 'லைனிங்'கும் அதன் உடன்பிறப்புக்கள். நூலைப் பிடித்துக் கோடு போட்டார்கள், கோடு வரிசையாயிற்று, வரிசை பாதையாயிற்று. தமிழிலும் இத்தகைய வித்தை உண்டு. நாம் எழுதுவதும் வரி, புலியின் மேல் இருப்பதும் வரி, சர்க்காருக்குக் கட்டுவதும் வரி! ஆகையால் இங்கிலீஷைப் பார்த்து நாம் சிரிப்பதற்கில்லை.

ஆனால் சில கூட்டுச் சொற்களின் பின்னே சிரிப்புக்கு இடமில்லாத சரித்திரம் இருக்கிறது. 'டெட் லைன்' என்று காரியாலயங்களில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். 1864-ல், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது, ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் ஒரு கைதி முகாம் இருந்தது. மதிலுக்கு உட்புறம் ஓர் எல்லை குறித்திருந்தார்கள். அதைத் தாண்டிய கைதி சுடப்பட்டான். அதுவே அசல் 'டெட் லைன்'.

அதைவிட நமக்கு நெருங்கிய கதை ஒன்று உண்டு. பட்டாளத்துச் சிப்பாய்களின் வரிசைக் கொட்டில்களை வெள்ளைக்காரர் 'லைன்ஸ்' என்றனர். டில்லி, அலகாபாத், கான்பூர் முதலிய நகரங்களில் அவர்களுடைய சிவில் உத்தியோகஸ்தர்கள் வசித்த பகுதி 'சிவில் லைன்ஸ்'. அங்கே பெரிய பங்களாக்கள், விசாலமான தோட்டங்கள், நிழல் மரங்கள். அதே சொல் கடல் கடந்து இலங்கை மலைநாட்டுக்குப் போனபோது அதற்கு வந்த கதி வேறு. தோட்டக் கூலிகளுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த அறைகளுக்கும் 'லைன்' என்றே பெயர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதில் ஒரு முழுக் குடும்பம். சமையலும் தூக்கமும் பிரசவமும் அதற்குள்ளேயே.

அந்த அறைகளுக்குப் போன வழி திருச்சியைத் தொட்டுக்கொண்டு சென்றது. 1904-ல் தோட்ட முதலாளிகள் ஏற்படுத்திய இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமைக் காரியாலயம் திருச்சிராப்பள்ளியில்தான் இருந்தது. இந்த ஜில்லாவிலிருந்தும் சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும் சேர்க்கப்பட்ட ஜனங்கள், மண்டபம் முகாமில் தங்கிக் கடலைத் தாண்டினார்கள்.

அங்கே அவர்கள் 'லைன்' என்பதை 'லயம்' என்று தமிழாக்கிக்கொண்டார்கள். சங்கீதத்தில் சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் சொல்வார்கள். தாய்நாடும் தந்தைநாடும் அற்றுப் போனவர்களுக்கு இந்த லயம் வாய்த்தது! 1948-ல் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. அண்ணன் ஒரு கணக்கிலும் தம்பி ஒரு கணக்கிலுமாக, குடும்பங்களின் நடுவே இன்னொரு 'லைன்' விழுந்தது. எஞ்சியவர்களுக்குப் பிரஜா உரிமை பூரணமாகக் கிடைக்க 2003-ம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது.

குடியுரிமை வந்த பிறகும் லயம் ஒழிந்தபாடில்லை. இந்திய உதவியுடன் 4,000 தனி வீடுகள் கட்ட ஒரு திட்டம் வந்தது. 2017-ல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஆயினும் தேயிலைத் தோட்டத்து ஜனங்களில் கணிசமானோர் இன்னும் அந்த வரிசை அறைகளில்தான் வசிக்கிறார்கள்.

'லைன்' என்பதற்குத் தமிழில் வரிசை உண்டு, கம்பி உண்டு, தடம் உண்டு, தொழில் உண்டு, இழை உண்டு. சமயத்துக்கு ஏற்றதை எடுத்துப் புழங்கினால் நம் பாஷைக்கும் லாபம், கேட்பவருக்கும் தெளிவு. லயத்துக்கு மட்டும் அகராதியில் மாற்றுச் சொல் தேடிப் பயனில்லை. அதற்கு மாற்று 'வீடு' ஒன்றுதான். நம் முன்னோர் குடியிருக்கும் இடத்துக்கும் விடுதலைக்கும் சேர்த்து அந்த ஒரே சொல்லை வைத்தார்கள். அந்தச் சொல்லை மலைநாட்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டுதான் எழுத வேண்டும். நாளைக் காலை இலங்கைத் தேயிலையை வாங்கிக் கொதிக்க வைக்கிற ஒவ்வொரு வீட்டிலும், 'லயம்' என்ற சொல்லைக் குழந்தைகளுக்கு ஒரு முறை விளக்கிச் சொன்னால், அது வீண் போகாது.