புலமைப்பரிசில் யாருக்கு?

தோழர்களே, பெற்றோரே!

ஐந்தாம் தர புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் லயத்தில் ஒரு வீட்டில் கேக் வெட்டுகிறோம். பத்து வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஏழைப் பிள்ளைகள் மத்திய கல்லூரிக்குப் போகவே இந்தப் புலமைப்பரிசில். ஆனால் நமது பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1970களில்தான் அரசாங்கம் பொறுப்பேற்றது. முப்பது வருடம் பிந்தி வந்தவர்களுக்கும் ஒரே பரீட்சையா?

நகரத்துப் பிள்ளைக்குப் பிரத்தியேக வகுப்பு இருக்கிறது. பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் விழுகிற பேரில் நாம் எந்த வகுப்புக்குக் காசு கட்டுவது? வெட்டுப்புள்ளியைத் தாண்டினாலும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கப் பாடசாலைகள் மிகச் சிலவே. பஸ் காசும் விடுதிக் காசும் யார் தருவது?

"கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் முன்னேறும்" என்கிறார்கள். ஒரு பிள்ளை முன்னேறினால் லயம் முன்னேறிவிடாது. தோட்டப் பாடசாலைகளுக்குப் பயிற்சி பெற்ற கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் வேண்டும்! கல்வி வலயந்தோறும் தமிழில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும்! தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும்!

சம்பளக் கோரிக்கையோடு இதையும் தோட்டக் கமிட்டியில் எழுப்புவோம். அதுவரை பிள்ளைகளை ஏசாதீர்கள். தோற்றது அவர்கள் அல்ல.