தோல்வியைச் சொல்லத் தெரிந்த செயற்கூறு

தரவுத்தளத்துக்குக் காப்பு நகல் எடுக்கும் ஷெல் செயற்கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று வேலைகள்: டம்ப் எடுப்பது, அதைச் சுருக்குவது, ஒரு வாரத்துக்கு முந்தைய நகல்களை அழிப்பது. ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -இ’ இருக்கிறது. டம்ப் தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். பழைய நகல்கள் பிழைத்துக்கொள்ளும். பல மாதங்கள் இப்படி ஓடுகிறது. பிறகு குழுவில் வேறொருவர், தோல்வி நேர்ந்தால் எல்லோருக்கும் மின்னஞ்சல் போகட்டும் என்று, அந்த அழைப்பை ஓர் ‘இஃப்’ நிபந்தனைக்குள் வைக்கிறார். செயற்கூறில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து டம்ப் தோற்றாலும் அடுத்த வரி ஓடும், அதற்கடுத்த வரியும் ஓடும். பழைய நகல்கள் அழியும். அழித்த கட்டளை ஒழுங்காக முடிந்ததால் செயற்கூறு பூஜ்யத்தைத் திருப்பும். மின்னஞ்சல் போகாது.

இதை பாஷ் ஷெல்லின் கோளாறு என்று ஒதுக்க முடியாது. போசிக்ஸ் தரமே இப்படித்தான் விதிக்கிறது. இஃப், வைல், அன்டில் ஆகியவற்றின் நிபந்தனையிலும், ‘&&’, ‘||’ தொடரில் கடைசி அல்லாத கட்டளைகளிலும், ‘!’ குறிக்குப் பின்னும் ‘செட் -இ’ செல்லாது. அங்கிருந்து ஒரு செயற்கூறை அழைத்தால் அதன் உடல் முழுவதும் செல்லாது. உள்ளே மறுபடி ‘செட் -இ’ என்று எழுதினாலும் பயன் இல்லை. நாம் எல்லோரும் ஆளுக்கொன்று எழுதி வைத்திருக்கும் ‘ரீட்ரை’ செயற்கூறை இந்தக் கண்ணோடு பாருங்கள். கொடுத்த கட்டளை வெற்றி பெறும்வரை திரும்பத் திரும்ப ஓட்ட, அதை ‘அன்டில்’ நிபந்தனையில் வைத்திருப்போம். அப்படியானால் ரீட்ரைக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு செயற்கூறும் அந்தப் பாதுகாப்பை இழந்துதான் ஓடுகிறது.

தனி ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு, தன் செயற்கூறு எந்த வரியிலிருந்து அழைக்கப்படும் என்பது தெரியும். பலருக்கும் பயன்படும் உதவிச் செயற்கூறு எழுதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே அவர் ‘செட் -இ’யை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தோற்கக்கூடிய ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘|| ரிட்டர்ன் 1’ வரட்டும். படிக்க அலுப்பாக இருக்கும். இருந்தாலும் தோல்வி எங்கே என்ன ஆகும் என்பது அந்த வரியிலேயே தெரியும். ‘செட் -இ’ முதன்மை ஸ்கிரிப்டுக்குக் கடைசிக் காவலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது ‘டை’. பிழைச் செய்தியை அச்சிட்டு ‘எக்ஸிட் 1’ செய்யும் சின்னச் செயற்கூறு. இது இல்லாத லைப்ரரி அரிது. நேராக அழைத்தால் ஸ்கிரிப்ட் முடிந்துவிடும். கமாண்ட் சப்ஸ்டிட்யூஷனுக்குள் ஓடும் செயற்கூறிலிருந்து அழைத்தால் முடிவது சப்ஷெல் மட்டும்தான். ஒரு கோப்புறையின் பாதையைக் கண்டுபிடித்துத் தரும் செயற்கூறு உள்ளே ‘டை’ அழைத்தது என்றால், வெளியே இருக்கும் மாறியில் வெற்றுச் சரம் உட்காரும். ‘செட் -இ’ செல்லாத இடத்தில் ஸ்கிரிப்ட் மேலே நடக்கும்.

வெற்றுச் சரம் என்ன செய்யும் என்பதை 2015 ஜனவரியில் உலகமே பார்த்தது. ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் தொடக்க ஸ்கிரிப்டில், தன் கோப்புறை எது என்று கண்டுபிடிக்கும் வரி ஒன்று இருந்தது. சப்ஷெல்லுக்குள் ‘சிடி’ செய்து, நின்ற இடத்தின் பாதையை அச்சிட்டு, அதை ‘ஸ்டீம்ரூட்’ என்ற மாறியில் வைக்கும். அழைத்தவரின் நடப்புக் கோப்புறையைத் தொடாமலிருக்கவே சப்ஷெல் என்று மேலே விளக்கக் குறிப்பும் உண்டு. அந்த அளவுக்குக் கவனமானவர் எழுதியதுதான். ஆனால் ‘சிடி’ தோற்றால் என்ன என்பதற்குப் பதில் இல்லை. வேறோர் இடத்தில் அந்த மாறியோடு ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்த்து ‘ஆர்எம் -ஆர்எஃப்’. மாறி வெறுமையானபோது அது மூலக் கோப்புறையிலிருந்து அழிக்கத் தொடங்கி, பயனருக்கு எழுத உரிமை இருந்த கோப்புகளைத் துடைத்தது. அந்த வரிக்கு மேல் ‘ஸ்கேரி’ என்று ஒரு குறிப்பு இருந்தது. அச்சம் குறிப்பில் இருந்தது, சோதனையில் இல்லை. மாறியை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்து, பெயருக்குப் பின் ‘:?’ சேர்த்திருந்தால், வெறுமையான மாறியைக் கண்டதும் ஷெல் பிழை சொல்லி நின்றிருக்கும்.

எனவே மதிப்பைத் தரும் செயற்கூறு ‘எக்ஸிட்’ செய்ய வேண்டாம், ‘ரிட்டர்ன்’ செய்யட்டும். நிறுத்துவதா தொடர்வதா என்பது அழைத்தவரின் முடிவு. அழைத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. ‘லோக்கல்’ அறிவிப்பையும் கமாண்ட் சப்ஸ்டிட்யூஷனையும் ஒரே வரியில் எழுதினால், கிடைக்கும் எக்ஸிட் ஸ்டேட்டஸ் ‘லோக்கல்’ கட்டளையுடையது; அது பூஜ்யம். உள்ளே நடந்த தோல்வி மறைந்துவிடும். அறிவிப்பு ஒரு வரி, மதிப்பிடுதல் அடுத்த வரி. ஷெல்செக் கருவி இதைத் தவறாமல் சுட்டிக்காட்டுகிறது. அந்த எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்.

ஷெல்லில் மதிப்பைத் திருப்பும் வழி ஸ்டாண்டர்ட் அவுட்புட்தான். அதே வழியில் ‘பதிவிறக்கம் தொடங்கியது’ என்று லாக் செய்தியையும் அனுப்பினால், பாதையை எதிர்பார்த்த மாறியில் செய்தியும் சேர்ந்து வரும். லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்கே போக வேண்டும். கிட் மென்பொருளுடன் வரும் ‘கிட்-எஸ்ஹெச்-செட்டப்’ கோப்பைத் திறந்து பாருங்கள்: அதன் ‘டை’ செயற்கூறு ‘எக்கோ’வை நம்பாமல் ‘பிரிண்ட்எஃப்’ கொண்டு ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதுகிறது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் மட்டுமே தொடும் அந்தக் கோப்புக்கென்று தனி மேன் பக்கமே உண்டு. நம் லைப்ரரிகளில் எத்தனைக்கு ஒரு பக்க விளக்கமாவது இருக்கிறது?

இன்னொன்று, அழைத்தவரின் சொத்து. ஷெல் என்பது அறைத் தடுப்பு இல்லாத ஒரே கூடம். ‘லோக்கல்’ போடாமல் ‘ஐ’ என்ற எண்ணியைச் செயற்கூறில் பயன்படுத்தினால், அதே பெயரில் அழைத்தவர் ஓட்டும் சுழற்சி குலையும். ‘லோக்கல்’ போட்டாலும் பாஷில் அது டைனமிக் ஸ்கோப். நாம் அழைக்கும் செயற்கூறுகள் அந்த மாறியைப் பார்க்கும், மாற்றவும் செய்யும். தற்காலிகக் கோப்பை அழிக்க நாம் ஒரு ‘எக்ஸிட்’ ட்ராப் வைத்தால், அழைத்தவர் முன்பே வைத்திருந்த ட்ராப் போய்விடும். அவருடைய பூட்டுக் கோப்பு நீங்காமல் கிடக்கும். ‘சிடி’, ‘ஐஎஃப்எஸ்’, ‘பைப்ஃபெயில்’ எல்லாவற்றுக்கும் இதே கதை. செயற்கூறின் உடலை நெளிவு அடைப்புக்குறிக்குப் பதிலாகச் சாதாரண அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது தன் சப்ஷெல்லில் ஓடி, இவை அனைத்தையும் தன்னோடு கொண்டுபோய்விடும். ஒரு ஃபோர்க் செலவு, அழைத்தவரின் மாறியை மாற்ற முடியாது என்ற தடை. அடிக்கடி சுழலாத செயற்கூறுகளுக்கு இந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ‘செட் -இ’ பிரச்சினையை மட்டும் அது தீர்க்காது. நிபந்தனைக்குள் அழைத்தால் அந்தச் சப்ஷெல்லிலும் அதே விதிதான்.

லைப்ரரிக் கோப்பு ‘சோர்ஸ்’ செய்யப்படும்போது செயற்கூறுகளை வரையறுப்பதோடு நின்றுவிட வேண்டும். ‘செட்’ தேர்வுகளை மாற்றுவதும், கோப்புறை உருவாக்குவதும் அதன் வேலை அல்ல. பகிர்வதற்கு ‘சோர்ஸ்’ போதும். ‘எக்ஸ்போர்ட் -எஃப்’ கொண்டு செயற்கூறுகளைச் சூழல் மாறிகள் வழியாகக் கடத்தும் பழக்கத்தை நான் ஊக்குவிப்பதில்லை. ஸ்டெஃபான் ஷசெலாஸ் கண்டுபிடித்து 2014 செப்டம்பரில் வெளிவந்த ஷெல்ஷாக் என்ற பாஷ் பாதுகாப்பு ஓட்டை அந்த வசதியின் வழியாகத்தான் நுழைந்தது. ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் எந்தச் செயற்கூறு எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடுகிறவருக்கு அந்த வழியில் தடயம் கிடைக்காது.

பராமரிப்பில் மிக எளிதாக உடைவது எக்ஸிட் ஸ்டேட்டஸ்தான். லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் வகுத்த பழைய இனிட் ஸ்கிரிப்ட் விதியில், ‘ஸ்டேட்டஸ்’ கேட்டால் ஓடுகிறது என்பதற்கு 0, இறந்துவிட்டது ஆனால் பிஐடி கோப்பு மிச்சமிருக்கிறது என்பதற்கு 1, ஓடவில்லை என்பதற்கு 3. அந்த ஸ்கிரிப்டுகளும் அவற்றுக்கு உதவிய ‘இனிட்-ஃபங்ஷன்ஸ்’ கோப்புகளும் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. ஆனால் இன்றும், ஓடாத சேவையைப் பற்றி ‘சிஸ்டம்சிடிஎல் இஸ்-ஆக்டிவ்’ கேட்டால் 3 வருகிறது. கண்காணிப்புக் கருவிகளும் கிரான் வேலைகளும் அந்த எண்ணை நம்பியிருந்தன. நிரல் மொத்தமும் மாறியபோதும் எண் காப்பாற்றப்பட்டது. நம் செயற்கூறுகளுக்கும் இதே மரியாதை வேண்டும். தோல்வியில் 2 தருவேன் என்று வெளியிட்ட செயற்கூறு என்றும் 2 தரட்டும். வேறு நடத்தை தேவைப்பட்டால் வேறு பெயர் வையுங்கள்.

எந்த ஷெல்லுக்கு எழுதுகிறோம் என்பதைத் தலைப்பில் சொல்லிவிடுவது நல்லது. உபுண்டு 2006இல் 6.10 பதிப்பிலேயே ‘எஸ்ஹெச்’ இடத்தில் டாஷை வைத்துவிட்டது. மேக் கணினிகளோடு வரும் பாஷ் இன்னமும் 3.2, அதில் அசோசியேட்டிவ் அரே கிடையாது. ‘பைப்ஃபெயில்’ போசிக்ஸ் தரத்துக்குள் வந்ததே 2024 பதிப்பில்தான்.

டெஸ்ட் எழுதுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் எங்கள் இதழுக்கு வரும் பேட்ஸ் சோதனைக் கோப்புகளில் பெரும்பாலானவை வெற்றிப் பாதையை மட்டுமே சோதிக்கின்றன. தோல்வியை வரவழைப்பது கடினமல்ல. டம்ப் கட்டளையின் பெயரிலேயே ‘எக்ஸிட் 1’ மட்டும் கொண்ட ஒரு போலி ஸ்கிரிப்டைத் தற்காலிகக் கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறையை ‘பாத்’ மாறியின் தொடக்கத்தில் சேர்த்தால் போதும். பிறகு செயற்கூறை மூன்று விதமாக அழையுங்கள்: நேராக, ‘இஃப்’ நிபந்தனைக்குள், கமாண்ட் சப்ஸ்டிட்யூஷனுக்குள். மூன்றிலும் ஒரே ஸ்டேட்டஸ் வருகிறதா, பழைய நகல் கோப்பு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த இதழிலிருந்து, நாங்கள் வெளியிடும் ஒவ்வொரு உதவிச் செயற்கூறின் தலைக்குறிப்பிலும் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: எந்த வெளியீட்டு வழியில் என்ன எழுதும், எந்தெந்த ஸ்டேட்டஸ் திருப்பும், அழைத்தவரிடம் எதை மாற்றும். அதோடு மேலே சொன்ன மூன்று அழைப்புகளுக்கான தோல்விச் சோதனையும் சேர்ந்து வர வேண்டும். பழைய இதழ்களில் வந்தவற்றுக்கு வாசகர்கள் இவற்றை எழுதி அனுப்பினால், திருத்தத்தோடு மறுபடி வெளியிடுவோம். ‘ரீட்ரை’யிலிருந்து தொடங்கலாம்.