காசு கொடுத்தவனுக்குத் திருட்டுப் பட்டமா? கம்ப்யூட்டர் வாங்கினால் பில் கேளுங்கள்!

கடையில் எண்ணி வைத்தது நல்ல காசு. வாங்கி வந்தது புதுப் பெட்டி. ஆனால் ஒரு நாள் காலையில் அந்தப் பெட்டியே நம்மைப் பார்த்துக் கேட்கிறது: "நீ வாங்கியது அசல்தானா?"

மிக்சி இப்படிக் கேட்காது. மோட்டார் சைக்கிள் கேட்காது. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும்தான் கேட்கும்.

திரையின் வலது பக்கம் கீழ் மூலையில் மங்கலாக இரண்டு வரி தோன்றும். விண்டோசுக்கு உரிமம் சரிபார்க்கப்படவில்லை, ஆக்டிவேட் செய்யுங்கள் என்று அது சொல்லும். அழித்தாலும் போகாது.

உடனே வீட்டில் கலவரம்! பையன் நாளைக்கு பிராஜெக்ட் கொடுக்க வேண்டும். அப்பா கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்ப வேண்டும். பென்ஷன் வாங்கும் தாத்தா பிரான்சில் இருக்கும் பேரனோடு பேச வேண்டும். "உள்ளே இருக்கிற கல்யாண போட்டோ எல்லாம் போயிடுமா?" என்று அம்மா கேட்கிறார்.

போகாது. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் உரிமம் சரியில்லை என்றால் திரையின் படத்தையும் நிறத்தையும் மாற்ற விடாது. நச்சரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் உங்கள் போட்டோ, கணக்கு, கடிதம் எதையும் அழிக்காது.

இந்தப் பயத்தைத்தான் சிலர் காசாக்குகிறார்கள். "ஆயிரம் கொடுங்க சார், அரை மணியில் சரி பண்றேன்" என்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

19 மணி நேரக் கூத்து

2001-ம் ஆண்டு விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தது. 25 எழுத்து கொண்ட ஒரு சாவி எண்ணைக் கொடுத்து, 30 நாளுக்குள் மைக்ரோசாப்ட் கம்பெனியிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்று வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் விதி வந்தது. 2005-ம் ஆண்டு ஜூலையில் பிடி இறுகியது. அசல்தான் என்று சரிபார்த்தால்தான் கம்பெனியின் பல இலவசச் சரக்குகளை இறக்கிக்கொள்ள முடியும் என்றார்கள். 2008-ம் ஆண்டு அக்டோபரில் சீனாவில் போலி விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு மணிக்கு ஒரு முறை திரையின் பின்னணி கறுப்பாக மாறியது.

எழுதியவனுக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். திருட்டைத் தடுக்க கம்பெனிக்கு உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்கிறவரே தப்புச் செய்தால்?

செய்திருக்கிறார்கள்!

2007-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி. மைக்ரோசாப்டின் சரிபார்க்கும் சர்வரில், சோதனையில் இருந்த புரோகிராமை யாரோ தவறுதலாக ஏற்றிவிட்டார்கள். சுமார் 19 மணி நேரம், அசல் விண்டோஸ் வாங்கியவர்களையும் அது போலி என்றது. விஸ்டா வைத்திருந்தவர்களுக்குச் சில வசதிகளும் நின்று போயின. பாதிக்கப்பட்டவை 12 ஆயிரத்துக்கும் குறைவான கம்ப்யூட்டர்கள் என்று கம்பெனி கணக்குச் சொன்னது. மனிதப் பிழை என்று ஒப்புக்கொண்டது.

2018-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி மறுபடியும்! 'விண்டோஸ் 10 புரோ' வாங்கியவர்களைப் பார்த்து, "உங்களிடம் இருப்பது 'ஹோம்' உரிமம்தான்" என்றது சர்வர். அன்றே சரி செய்தார்கள். 2019-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி விண்டோஸ் 7 ஓடிய ஆபீசுகளில் இதே கதை. மறுநாள் பின்வாங்கினார்கள்.

ஆகவே திரையில் வரி வந்தவுடன் பதறாதீர்கள். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தப்பு அவர்கள் பக்கம் என்றால் தானே மறைந்துவிடும்.

நீங்களே பார்க்கலாம்

மறுநாளும் இருக்கிறதா? அப்போதும் மெக்கானிக்கைத் தேட வேண்டாம். நாலு விஷயத்தை நீங்களே பார்க்கலாம்.

முதலாவது, தேதி. கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டரில் பழைய வருடம் காட்டுகிறதா? மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமான பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் தேதி கெடும். தேதி கெட்டால் கம்பெனியின் சர்வரோடு பாதுகாப்பாகப் பேச முடியாது. உரிமம் சரிபார்ப்பும் நடக்காது. 2032 என்ற எண் போட்ட அந்த பேட்டரி பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குப் பொருந்தும். பெரிய செலவு இல்லை. மாற்றி, தேதியைச் சரி செய்து, இன்டர்நெட்டில் இணைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, எந்த விண்டோஸ்? 'செட்டிங்ஸ்' உள்ளே போய் 'ஆக்டிவேஷன்' என்ற இடத்தைத் திறந்தால் அங்கே எழுதியிருக்கும். நம் ஊரில் விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற வகை கம்பெனியிலிருந்தே வரும். அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். பிரான்சில் இருக்கும் மகன் அனுப்பிய லேப்டாப்பும் இப்படித்தான், அங்கே வாங்கியது பெரும்பாலும் 'ஹோம்' வகையாக இருக்கும். ரிப்பேருக்குப் போன இடத்தில் தம்பி ஒருவர் பார்மட் அடித்து, கையில் இருந்த 'புரோ'வை ஏற்றிவிடுவார். சாவி ஒரு வகைக்கு, ஏற்றியது வேறு வகை. பூட்டு எப்படித் திறக்கும்? திரும்ப அதே 'ஹோம்' வகையைப் போடச் சொல்லுங்கள். பல சமயம் இன்டர்நெட் இணைத்தவுடன் உரிமம் தானே வந்துவிடும். காசு வேண்டாம்!

மூன்றாவது, மதர்போர்டு மாற்றினீர்களா? மாற்றினால் கம்பெனியின் கண்ணுக்கு அது வேறு கம்ப்யூட்டர். 2016-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் இதற்கு ஒரு வழி இருக்கிறது. உரிமத்தை உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்து வைக்கலாம். பிறகு 'டிரபிள்ஷூட்' பட்டனை அழுத்தி, சமீபத்தில் பாகம் மாற்றினேன் என்று சொல்லிக் கேட்கலாம். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்னாலேயே இணைத்து வைப்பது புத்திசாலித்தனம். ஒன்று கவனம்: கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். தனியாகக் கடையில் வாங்கிய உரிமம்தான் இன்னொரு கம்ப்யூட்டருக்கு இடம் மாறும்.

நான்காவது, திரை காட்டும் பிழை எண். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசியில் சி004சி008 என்று வந்தால், ஒரே சாவியைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சி004சி003 என்றால் கம்பெனி அந்தச் சாவியை ஏற்க மறுக்கிறது. சி004எப்213 என்றால் இந்தக் கம்ப்யூட்டரில் சாவியே இல்லை. சி004எப்074 என்று வந்தால் கதை வேறு. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஆறு மாசம் நல்லாத்தானே ஓடுச்சு!

"ஆறு மாசம் நல்லாத்தானே சார் ஓடுச்சு, இப்போ என்ன திடீர்னு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பதில் அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது.

பெரிய ஆபீசுகளுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்த உரிமம் என்று ஒன்று உண்டு. அங்கே ஒரு சர்வர் இருக்கும். மற்ற கம்ப்யூட்டர்கள் அதனிடம் அனுமதி வாங்கும். குறைந்தது 25 கம்ப்யூட்டர் இருந்தால்தான் அது அனுமதி கொடுக்கும். அந்த அனுமதி 180 நாளுக்குத்தான் செல்லும். அதற்குள் திரும்பப் புதுப்பிக்க வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆபீஸ் சாவியைப் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட ஆறு மாதம் ஓடும். பிறகு அந்த சர்வரைத் தேடும். லாஸ்பேட்டை வீட்டிலும் வில்லியனூர் கடையிலும் அந்த சர்வர் எங்கே இருக்கிறது? எண் வந்து நிற்கும்.

அப்போது வருவார் 'கிராக்' போடுகிறவர். போலி சர்வரை உள்ளேயே உட்கார வைக்கும் புரோகிராம் அது. அதைப் போடுவதற்கு முன்னால் வைரஸ் தடுப்பை நிறுத்தி வை என்பார். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவல்காரனை வீட்டுக்கு அனுப்புவது மாதிரி! 2021-ம் ஆண்டு டிசம்பரில் ரெட் கேனரி என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு எச்சரிக்கை விடுத்தது. இப்படிப்பட்ட 'கிராக்' என்று இறக்கிக்கொண்டவர்களுக்கு, கூடவே 'கிரிப்ட்பாட்' என்ற திருட்டு புரோகிராமும் வந்து சேர்ந்ததாம். பிரவுசரில் சேர்த்து வைத்த பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை.

பேங்கு கணக்கைத் திறக்கும் கம்ப்யூட்டரில் இது தேவையா?

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. திரையில் பெரிதாக எச்சரிக்கை காட்டி, "இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்" என்பார்கள். உண்மையான மைக்ரோசாப்ட் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தால் மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

காப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. போலி புரோகிராமைத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் கோர்ட்டு ஜெயிலை விட்டுவிட்டு 50 ஆயிரம் வரை அபராதம் மட்டும் போடலாம்.

"தெரிந்தே" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களுக்குத் தெரியாது என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? பில்லை வைத்துத்தான்!

கடைக்காரர்களும் தப்ப முடியாது. விற்கும் கம்ப்யூட்டர்களில் போலி மென்பொருளை ஏற்றிக் கொடுத்த வழக்கில், 2005-ம் ஆண்டு டெல்லி ஐகோர்ட்டு 19 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு விதித்தது.

பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

கடைக்காரர் கட்சி

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. "விண்டோஸ் விலையைச் சேர்த்துச் சொன்னால், வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போகிறார் அண்ணே. நான் என்ன பண்றது?" என்பார்கள். உண்மைதான். குறைந்த விலையும் வேண்டும், அசலும் வேண்டும் என்று கேட்பது நாமும்தான்.

அதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. "இதில் விண்டோஸ் இல்லை" என்று பில்லிலேயே எழுதிவிடுங்கள். காசு வேண்டாத லினக்ஸை ஏற்றிக் கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். கடிதம் அடிக்க, கணக்குப் போட, இன்டர்நெட் பார்க்க அது போதும். அதற்கு யாரும் வந்து அசலா, போலியா என்று கேட்க மாட்டார்கள். விண்டோசில் மட்டும் ஓடும் பில்லிங் புரோகிராம் வைத்திருக்கிற கடைகளுக்கு அது சரிப்படாது. அவர்கள் உரிமத்துக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

விண்டோஸ் வேண்டும் என்று காசு கொடுத்தவருக்கு மூன்று வரி எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த வகை விண்டோஸ்? கம்ப்யூட்டரோடு வந்ததா, தனியாக வாங்கியதா? சாவி எங்கே இருக்கிறது? இந்த மூன்று வரி பில்லில் இருந்தால் போதும். பிறகு எந்தத் திரை எதைச் சொன்னாலும் கடைக்குப் போய் நின்று கேட்கலாம்.

புதுவை அரசின் குடிமைப்பொருள் மற்றும் நுகர்வோர் விவகாரத் துறை இதில் தலையிட வேண்டும். எடைக்கல்லைச் சோதிப்பது போல, கம்ப்யூட்டர் கடைகளின் பில்லையும் பார்க்க வேண்டும். இந்த மூன்று வரி இல்லாமல் கம்ப்யூட்டர் விற்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டும். அரசுக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அந்த அறிவிப்பையும் உரிமப் பிழை என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு. ஆனால் இதைக் காரணம் காட்டி, "விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன்" என்று கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். தகுதியுள்ள கம்ப்யூட்டரில் அசல் விண்டோஸ் 10 இருந்தால் 11-க்கு மாற உரிமக் கட்டணம் கிடையாது. ஏற்றிக் கொடுக்கும் கூலி மட்டும் கொடுங்கள்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சட்டை வாங்கினால் பில் கேட்க மாட்டோம். சாயம் போனால் நூறு ரூபாயோடு போகும். பட்டா இல்லாத மனையை வாங்குவோமா? கம்ப்யூட்டர் இப்போது மனை மாதிரி. கடைக் கணக்கும், பிள்ளை படிப்பும், பேங்கு பணமும் அதில்தான் குடியிருக்கின்றன.

காசு கொடுக்கும் போதே பில் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!