கங்கல் நாய்: காவல் பழகுவது பட்டியில்தான்

இரவில் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகின்றன, துருக்கியின் கங்கல் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி விட்டால் தடுக்குமா என்று ஆடு வளர்ப்போர் கேட்கிறார்கள். அந்தக் குட்டிக்குச் சொல்லும் விலைக்குச் சில ஆடுகளே வாங்கிவிடலாம். ஆகவே, அது எதனால் காவல் காக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு பணத்தை எடுப்பது நல்லது.

துருக்கியின் நடுப்பகுதியில், சிவாஸ் மாகாணத்திலுள்ள கங்கல் வட்டாரம்தான் இதன் சொந்த ஊர். மேட்டுநிலம், பனி கொட்டும் குளிர்காலம், செம்மறி மந்தைகள், அவற்றைச் சுற்றி ஓநாய்கள். வைக்கோல் நிற உடம்பு, கறுத்த முகம், முதுகின்மேல் சுருண்ட வால். வளர்ந்த ஆண் நாய் 50 கிலோ வரும், அதற்கு மேலும் போகும். தோள் உயரம் 70 சென்டிமீட்டரைத் தாண்டும். ஓநாய் கழுத்தைக் கவ்வும் என்பதால் அங்குள்ள மேய்ப்பர்கள் நாயின் கழுத்தில் இரும்பு முள் வைத்த பட்டையை மாட்டுவார்கள்.

இது ஆட்டை மடக்கி ஓட்டும் நாய் அல்ல. மந்தையோடு நடக்கும், மேடான இடமாகப் பார்த்துப் படுக்கும். ஏதாவது நெருங்கினால் குரைக்கும். விலகாவிட்டால் எழுந்து குறுக்கே நிற்கும். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும், சண்டை கடைசியில்தான். வீட்டாரிடம் சாது, அந்நியரை அண்டவிடாது. சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்து எழுவதை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆளில்லாத காட்டில் தானே முடிவெடுப்பதற்காக வளர்க்கப்பட்ட இனம்.

பிறவிக் குணம் மட்டும் போதாது. நமீபியாவில் ஆட்டைப் பிடிக்கின்றன என்று விவசாயிகள் சிவிங்கிப்புலிகளைச் சுட்டு வந்தனர். அங்குள்ள சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1994 முதல் கங்கல், அனடோலிய மேய்ப்பு நாய்க்குட்டிகளை அவர்களுக்குக் கொடுத்து வருகிறது. குட்டி இரண்டு, இரண்டரை மாதத்திலேயே பட்டிக்குப் போய்விடும். ஆட்டோடு படுத்து ஆட்டு வாடையில் வளரும். அந்த வயதில் ஆட்டைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொண்ட நாய்தான் பின்னால் அதற்காக எதிர்த்து நிற்கும். பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் உள்ளூர் நாட்டு நாய்க்குட்டிகளையே இப்படி வளர்க்கிறார்கள். அவையும் காவல் காக்கின்றன, தீனிச் செலவும் குறைவு. நகரத்துக் கூண்டில் ஆறு மாதம் வளர்ந்த கங்கலைவிட, பட்டியில் வளரும் நல்ல நாட்டுக் குட்டி மேல்.

ஐந்தாறு மாதத்திலிருந்து குட்டி நாய் ஆடுகளை விளையாட்டாகத் துரத்தும், காதைக் கடிக்கும். இங்கேதான் பலர் அடிக்கிறார்கள், இல்லையென்றால் சங்கிலியில் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் நாயைக் கெடுக்கும். இளங்குட்டிகளைப் பிரித்துவிட்டு, முட்டத் தெரிந்த பெரிய ஆடுகளோடு விட்டுக் கண்பார்வையில் வைத்திருந்தால் நாலு முட்டு வாங்கி அடங்கும். முழுக் காவலுக்கு இரண்டு வயதாகும். தெருநாய்கள் கூட்டமாக வந்தால் ஒற்றை நாய் திணறும், இரண்டு வேண்டும். நாய் இருக்கிறதே என்று பட்டியில் ஆள் படுப்பதையும் நிறுத்திவிடக்கூடாது.

2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையின் ஆபத்தான நாய்கள் பட்டியலில் கங்கலும் இருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. எப்படியானாலும் வாங்குமுன் கால்நடை மருந்தகத்தில் விசாரிப்பது நல்லது.

சிவாஸ் மேய்ப்பர்கள் பார்லி மாவைக் கரைத்துத் தீனியாகக் கொடுப்பது வழக்கம். இங்கே கம்பங்கூழ், சோளக்கூழோடு முட்டை, வேகவைத்த இறைச்சி சேர்க்கலாம். செத்த ஆட்டின் தலை, ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போடவே கூடாது. அதிலுள்ள நீர்க்கட்டி நாயின் குடலில் நாடாப்புழுவாகும். புழுவின் முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழும். அதைத் தின்ற ஆட்டுக்கு மூளையில் கட்டி வந்து, வட்டமாகச் சுற்றியே சாகும். இன்னொரு வகைப் புழு மனிதரின் ஈரலிலும் கட்டி வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரசிகுவான்டல் கலந்த குடற்புழு மருந்தும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறக்கூடாது.