அறளை பெயர்தல் முதுமையின் விதியன்று

கோப்பாயில் முதியவர் ஒருவரின் நினைவு தடுமாறின், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று கூறி அமைந்துவிடுதல் நம்மவர் வழக்கம். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே எமது கருத்து.

1906 ஆம் ஆண்டில் ஜேர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர், இவ்வாறு நினைவிழந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையிற் காணப்பட்ட படிவுகளை விளக்கினார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம், மரணத்தின் பின்னரே அவற்றைத் திட்டமாகக் காண முடிந்தது. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக அறிஞர்களான கிளங்க், மதிஸ் ஆகிய இருவரும், படிந்த அமைலோயிட்டுப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் கதிர்வீசு சேர்வையொன்றை ஆக்கினர். அதன் துணையால், 2002 இல் சுவீடனின் உப்சாலா நகரில், வாழும் நோயாளியின் மூளையிலேயே அப்படிவு படமாயிற்று. நோய்க்குறிகள் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே புரதம் படியத் தொடங்குமென்பதும் இத்தகைய படங்களாற் புலனாயிற்று. ஆதலின் இது நோயே, முதுமையின் விதியன்று.

எனினும், படம் மட்டுமே தீர்ப்பாகாது. தெளிந்த நினைவுடைய முதியோர் பலரிடத்தும் இப்படிவு உண்டு. அன்றியும், அச்சேர்வையிலுள்ள கதிர்வீசு காபன் 20 நிமிடத்திற் பாதியாகத் தேய்வதால், அதனை ஆக்கும் பொறி அருகிலேயே இருத்தல் வேண்டும்.

நாம் செய்யவேண்டுவதோ எளிது. தைரொயிட்டுக் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியனவும் நினைவைக் குலைப்பன. அவை சிகிச்சைக்கு இணங்குவன. முதலிரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். "அறளை" என்று ஒதுக்கப்படும் முதியவர் அப்பரிசோதனையையும் இழக்கின்றார். பிள்ளைகள் கடல்கடந்து வாழும் இல்லங்கள் மலிந்த இக்காலத்தில், அயலிலுள்ள மூத்தோரை உரிய வேளையில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் பழைய மாணவராகிய நம் கடனாகும்.